கல்லூரி வாயிலுக்கும் வகுப்பறைக்கும் இடையே ஒரு செயலி

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, விரும்பிய கல்லூரியில் இடமும் கிடைத்து, "சேருகிறேன்" என்று எழுத்து மூலம் தெரிவித்தும்விட்ட ஒரு மாணவி, கல்லூரி திறக்கும் நாளில் வரவில்லை என்றால் நாம் என்ன நினைப்போம்? வேறிடம் போய்விட்டாள் என்போம். அல்லது அக்கறையில்லாதவள் என்போம். அவள் எங்கே தடுமாறி நின்றாள் என்று கேட்பவர் வெகு சிலரே.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியைக் கேட்டது. அங்கே பயில்வோரில் பலர் ஏழை எளிய குடும்பத்தவர். தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்பவர்கள். 2015-ஆம் ஆண்டில், சேருவதாக உறுதி சொன்னவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் கோடை விடுமுறை முடிந்தபின் வந்து சேரவில்லை. இதற்கு அந்நாட்டுக் கல்வியாளர்கள் 'கோடையில் கரைந்துபோதல்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பனிக்கட்டி கரைவதைப் போல, சத்தமில்லாமல் நிகழ்வதாலோ என்னவோ!

காரணத்தை ஆராய்ந்தால் பெரிய இடையூறு ஒன்றும் தென்படவில்லை, சிறுசிறு இடையூறுகள்தாம். உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் விளங்கவில்லை. தடுப்பூசிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்பது தெரியவில்லை. பள்ளி மதிப்பெண் சான்று போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஆளில்லை. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இவை ஒரு மாலையில் தீர்ந்துவிடும். மற்ற வீடுகளில் ஒவ்வொன்றும் ஒரு மதிலாக நிற்கிறது. கல்லூரி அலுவலகமோ மாலையில் பூட்டிவிடும். அந்தப் பிள்ளைகள் பகலில் வேலைக்குப் போய்விட்டு, இரவில்தான் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார்கள்.

எனவே 2016-ஆம் ஆண்டு கோடையில் அப்பல்கலைக்கழகம் 'பவுன்ஸ்' என்னும் உரையாடும் கணினி நிரலை அமர்த்தியது. மாணவர் கைப்பேசியிலிருந்து குறுஞ்செய்தியாகக் கேள்வி அனுப்பினால், நள்ளிரவாயினும் அதுவே பதில் அனுப்பும். தானாகவும் நினைவூட்டும்: "உன் சான்றிதழ் இன்னும் வரவில்லை; இன்ன தேதிக்குள் அனுப்பு" என்று. அதற்கு விடை தெரியாத கேள்வி வந்தால் அலுவலரிடம் அனுப்பிவிடும். அவர் தரும் பதில் பிறகு அதன் விடைத் தொகுப்பில் சேரும். அந்த ஒரு கோடையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அது விடையளித்தது.

இது உண்மையிலேயே பயன் தந்ததா என்று லிண்ட்சே பேஜ், ஹன்டர் கெல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பவுன்ஸின் உதவி கிடைக்கச் செய்தார்கள். 2017-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, உதவி பெற்றவர்களிடையே கரைந்துபோதல் 21.4 விழுக்காடு குறைந்தது. அதாவது, வராமல் போயிருக்கக்கூடிய ஐந்து பேரில் ஒருவர் வந்து சேர்ந்தார் எனலாம். மற்ற நால்வரைப் பற்றியும் நாம் மறந்துவிடலாகாது. அவர்களுடைய தடை வேறாக இருந்திருக்கும். அதைக் குறுஞ்செய்தியால் தீர்க்க முடியாது.

ஒன்றைக் கவனித்தீர்களா, மாணவியரே? பவுன்ஸை யாரும் தம் கைப்பேசியில் புதிதாக நிறுவ வேண்டியிருக்கவில்லை. 'செயலி செய்யலாம்' என்று நம் மாணவியர் ஆர்வத்தோடு வரும்போதெல்லாம் நான் முதலில் சொல்லுவது இதைத்தான். செயலியைத் தேடி எடுத்து, நிறுவி, பெயர் பதிந்து கொள்பவள் ஏற்கெனவே பள்ளியில் ஈடுபாடு உள்ள பெண்தான். எவளை எட்ட வேண்டுமோ அவள் நிறுவுவதேயில்லை.

இனி, செயலி என்பது என்ன? கைப்பேசிக்குள் குடியிருக்கும் ஒரு நிரல் அது. அதன் முகம் மட்டுமே நம் கையில் இருக்கிறது: பொத்தான்கள், படங்கள், எழுத்துகள். அதன் களஞ்சியமோ பெரும்பாலும் தொலைவில் உள்ள வேறொரு கணினியில் இருக்கும். நாம் 'இன்றைய அறிவிப்பு' என்னும் பொத்தானைத் தொட்டால், கைப்பேசி அந்தக் கணினியிடம் கேட்டு வாங்கி வந்து காட்டுகிறது. உணவு விடுதியில் பரிமாறுபவர் சமையலறைக்குப் போய் வருவதைப் போலத்தான். சமையலறையில் ஒன்றுமில்லையென்றால் பரிமாறுபவர் எவ்வளவு அழகாக உடுத்தியிருந்து என்ன பயன்? அறிவிப்பை நாள்தோறும் எழுதிப் போட ஓர் ஆள் இல்லாத பள்ளிச் செயலிகள் இப்படித்தான் பட்டினி கிடந்து மடிகின்றன.

வளாகச் செயலிகளின் வரலாறு மிகச் சிறியது. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டிலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் சிலர் 'ஐ-ஸ்டான்ஃபோர்டு' என்ற செயலியைத் தம் வளாகத்துக்காகச் செய்தார்கள். வளாக வரைபடம், பாடப் பட்டியல், தொலைபேசி விவரம், விளையாட்டுச் செய்தி ஆகியவை அதில் இருந்தன. மறு ஆண்டே பிளாக்போர்டு என்ற கல்வி மென்பொருள் நிறுவனம் அம்மாணவர்களின் சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. அதன்பின் இத்தகைய செயலி எங்கும் பரவிவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பும் ஓரளவு அச்சமும் தந்தது வேறொரு முயற்சி. டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஆண்ட்ரூ கேம்பெல் என்பவர், 2013-ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில், 48 மாணவர்களின் கைப்பேசிகளில் அவர்கள் சம்மதத்துடன் 'ஸ்டூடண்ட் லைஃப்' என்னும் செயலியை இட்டு 10 வாரம் இயக்கினார். பருவத் தொடக்கத்தில் மலர்ந்த முகத்தோடு வரும் மாணவர் நடுவில் சோர்ந்து விழுவது ஏன் என்பது அவருடைய கேள்வி.  செயலி அவர்களிடம் சில கேள்விகள் கேட்டது. மற்றதைத் தானே கணித்தது. கைப்பேசி இருட்டில், அசையாமல், ஓசையின்றி, மின்னேற்றியில் கிடந்தால் உரியவர் உறங்குகிறார். இப்படியே உறங்கிய நேரத்தைச் சுமார் அரை மணி வித்தியாசத்துக்குள் அது சொல்லிவிட்டது! குலுங்குவதைக் கொண்டு நடக்கிறார் என்றறிந்தது. மனிதக் குரல் ஓசையைக் கொண்டு, பேச்சு நடக்கிறது என்று குறித்தது. ஆனால் பேசியது என்ன என்பதைப் பதிவு செய்யவில்லை. ஒவ்வொருவரின் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணே இருந்தது.

கண்டது என்ன? பருவத் தொடக்கத்தில் நல்ல உறக்கம், நிறையப் பேச்சு, குறைந்த மன அழுத்தம். வேலைப் பளு ஏற ஏற அழுத்தம் கூடியது. உறக்கம், உரையாடல், நடமாட்டம் மூன்றும் குறைந்தன. ஒருத்தி பேச்சைக் குறைத்துக்கொள்வதும் உறக்கம் கெடுவதும், மதிப்பெண் விழுவதற்கு முன்பே தெரியக்கூடிய அறிகுறிகள். இன்னொன்றும் கண்டார்கள்: வகுப்புக்கு வந்த நாட்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் அந்த 48 பேரிடையே தொடர்பு காணப்படவில்லை. ஆசிரியை என்ற முறையில் இது எனக்கு உவப்பான செய்தியன்று. ஒரே கல்லூரியில் 48 பேரைக் கொண்டு உலகுக்கெல்லாம் முடிவு கட்டக் கூடாது என்று மாணவியருக்கு உடனே நினைவூட்டிவிடுகிறேன்!

இங்கேதான் பெற்றோரும் அருட்சகோதரியரும் சற்று நின்று சிந்திக்க வேண்டும். டார்ட்மத்தில் பங்கு பெற்றவர்கள் கல்லூரி மாணவர்கள்; தாமே அறிந்து ஒப்பியவர்கள்; அதுவும் 10 வாரத்துக்கு மட்டும். பதினான்கு வயதுப் பெண் எத்தனை மணிக்கு உறங்கினாள், எங்கே போனாள், யாரோடு எவ்வளவு நேரம் பேசினாள் என்பதைப் பள்ளி தெரிந்துகொள்வது அக்கறையா, கண்காணிப்பா? அறிந்துகொள்ளும் ஆசை நல்லெண்ணத்தில் பிறந்ததாகவே இருக்கட்டும். திரட்டிய செய்தி ஒரு நாள் வேறு கைக்குப் போனால் அந்த நல்லெண்ணமும் கூடவே போகுமா? நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களைப் பற்றிய செய்திகளைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும், அவர்களுடைய நடவடிக்கைகளைப் பின்தொடரலாகாது என்றும் பொதுவிதி வகுத்திருக்கிறது. விலக்குகள் சில உண்டு. என் எண்ணத்தில், விலக்கு இருக்கிறதா என்று தேடுவதைவிட, அந்தச் செய்தியைத் திரட்டாமலே இருப்பது மேல். கேளாத செய்தி களவு போவதில்லை.

சரி, நம் மாணவியரே ஒரு செயலி செய்ய இயலுமா? இயலும். 2010-இல் கூகுள் நிறுவனம் வெளியிட்டு, பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஏற்று நடத்திவரும் 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. பேராசிரியர் ஹால் ஏபல்சனின் எண்ணத்தில் உதித்தது அது. ஆங்கிலச் சொற்களாலான நிரலை வரிவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளைக் குழந்தை விளையாட்டுப் போலப் பொருத்தினால் போதும். 'இந்தப் பொத்தான் தொடப்பட்டால்' என்பது ஒரு கட்டை. 'இந்தப் பக்கத்தைத் திற' என்பது அதன் வாய்க்குள் பொருந்தும் மற்றொரு கட்டை. பொருந்தாதவை ஒட்டிக்கொள்ளா. அறிவிப்புகளை ஓர் இணைய அட்டவணையில் எழுதி வைத்தால், செயலி அதைப் படித்துக் காட்டும்படியும் செய்யலாம். அலுவலகத்தில் இருப்பவருக்குக் கட்டைகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் கணினி முன் உட்காருமுன் தாளும் பென்சிலும் எடுங்கள். கைப்பேசி அளவுக்கு வெட்டிய தாள்களில் ஒவ்வொரு பக்கத்தையும் வரைந்து, செயலியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு தோழியிடம் கொடுத்து, "நாளைக்கு எந்தத் தேர்வு என்று கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள். வாயைத் திறந்து வழி சொல்லாதீர்கள். (இதுதான் கடினம்!) மூன்று, நான்கு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் தவறு அவர்களுடையதன்று. தாளில் திருத்த ஐந்து நிமிடம் ஆகும். கட்டைகளில் திருத்த ஒரு நாளாகலாம்.

எத்தனை பொத்தான்கள் வைப்பது? மாணவியர் முதலில் எழுதிவரும் பட்டியலில் பதினைந்துக்குக் குறையாது: பாட்டு, போட்டி, வாழ்த்து அட்டை, பட்டங்கள் வழங்கும் பகுதி. நான் நான்கே போதும் என்பேன். இன்றைய அறிவிப்பு, கால அட்டவணை, விட்டுப்போன நாளின் பாடம், பிறகு 'ஒன்று கேட்க வேண்டும்' என்பது. கடைசிப் பொத்தானே செயலியின் உயிர். வகுப்பில் கை தூக்கக் கூசும் பெண் அதன் வழியே உதவித்தொகை விண்ணப்பம் பற்றிக் கேட்பாள். வேறு சிலவும் கேட்பாள். அதைத் திறந்து வைப்பதற்கு முன், வருகிற கேள்விகளை நாள்தோறும் படித்துப் பதில் தருபவர் யார், விடுமுறையில் யார் என்று தலைமை ஆசிரியையிடம் பெயர் எழுதி வாங்கிவிடுங்கள். பெயர் கிடைக்கும்வரை அந்தப் பொத்தானை வைக்காதீர்கள். மூன்று பொத்தான்களோடு தொடங்கலாம். கரும்பலகையில் அறிவிப்பு எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் மாணவியர் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.