'ங்க' யாருக்கு?

ஊர்ப் பேச்சு – 17

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. காலை ஆறரை மணி. தறிக்குடோனில் நைட் ஷிப்ட் முடித்துவந்த ஒடிசாக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். என் வயதுதான் இருக்கும். புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கல்லாவில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "டேய், உனக்கு என்ன?" என்று அவரைக் கேட்டான். என் பக்கம் திரும்பி, "சொல்லுங்ண்ணா" என்றான்.

இருவருக்கும் ஒரே டீ, ஒரே விலை. எனக்கு மட்டும் ஒரு 'ங்க' கூடுதல்.

பெக்கி மெக்கின்டோஷ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். வெள்ளைத்தோலால் தனக்குக் கேட்காமலே கிடைக்கிற வசதிகளை 1988-இல் வரிசையாக எழுதிப் பார்த்தவர். அதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் போன் செய்தார். "தறி ஓட்டுற எனக்கு என்னங்க சலுகை? வடக்கத்தி ஆளுக வந்துதான் கூலியே ஏறல."

ஏழை வெள்ளைக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவருடைய கஷ்டம் நிஜம். கூலியை நிர்ணயிப்பவர் வடக்கத்தி ஆள் இல்லை என்பதும் நிஜம். வறுமை ஒரு கணக்கு, கேட்காமலே கிடைக்கிற சலுகை வேறு கணக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அவர் பேசுவது அங்கே இருப்பவர்களுக்குப் புரியும். ஊரில் செயின் பறிப்பு நடந்தால் முதல் சந்தேகம் அவர் வீட்டுக்கு வராது.

2023 மார்ச்சில், இங்கே பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை வேறு சண்டைகளில் எடுத்தவை என்று போலீஸ் விளக்கியது. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. பொய்ச் செய்தி பரப்பியதாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். நமக்கு வந்த கோபம் நியாயம்தான். ஆனால், கொலைப்பழி பொய் என்றானதும், நம்மிடம் குறையே இல்லை என்று நாமே சர்டிபிகேட்டும் எழுதிக்கொண்டோம்.

பச்சைக் குழந்தையைக்கூட 'வாங்க' என்று அழைக்கும் தமிழ் என்று கொங்குக்காரர்களுக்குப் பெருமை உண்டு. அதே ஊர்களில், அருந்ததியர் தெருப் பெரியவரைப் பேரன் வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழக்கம் பழையது, ஆள்தான் புதிது.

டீ குடித்து முடித்த ஒடிசாக்காரர் கல்லாவுக்கு வந்து நூறு ரூபாயை நீட்டினார். "நீ சில்லறை குடு" என்றார்.

"பாத்தீங்ளாண்ணா, இவனுகளுக்கு மரியாதையே தெரியாது" என்றான் தம்பி.

அந்தத் தமிழை அவர் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டார்.

(தொடரும்)