உங்களுக்குத் தெரியுமா? குடலில் முளைக்கும் குட்டிப் பைகள்
பெருங்குடலின் உள்சுவர் வலுக்குறைந்த இடங்களில் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, சிறு பைகளாகிவிடுவதுண்டு. இதுவே டைவர்டிகுலோசிஸ். மேலைநாட்டினருக்குப் பெரும்பாலும் இடப்பக்கக் குடலில் வரும். ஜப்பான், கொரியாவில் வலப்பக்கமே அதிகம். அங்கே பை அழற்சியுற்றால், வலி அப்படியே குடல்வால் அழற்சி போலிருக்கும், மருத்துவர்களே தடுமாறுவார்கள்.

கொட்டைகள், பாப்கார்ன் எல்லாம் பைக்குள் சிக்கிச் சிக்கலாகும் என்று நோயாளிகளுக்கு நெடுங்காலம் தடை இருந்தது. பாவம், வீண் பத்தியம்! அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-ல் வெளியான ஆய்வு, அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்றது.

பைகள் உள்ள பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஆனால், சிலருக்குப் பைகளிலிருந்து ரத்தம் கசியலாம்; அதனால் மலத்தில் ரத்தம் கண்டால் 'மூலம்தான்' என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.