ஏட்டில் இல்லாத இல்லறம்: அமெரிக்கக் குடியேற்ற எல்லைப்புறத்தில் இரு பெண்களின் காதலும் வரலாற்றுப் புனைகதையும்

முன்னுரை

வரலாற்றுப் புனைகதை சான்றுக்கும் கற்பனைக்கும் இடையே நின்று இயங்கும் இலக்கிய வகையாகும். அரசரைப் பற்றி எழுத முற்படும் ஆசிரியருக்குக் கல்வெட்டும் செப்பேடும் அரண்மனைக் குறிப்பும் துணைநிற்கும். ஏர் பிடித்தவரையும் துணி தைத்தவரையும் பற்றி எழுத முற்படுபவருக்கோ ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தாலே பெரிதாகும். அவ்வாறு ஏடேறாமற் போன வாழ்க்கைகளுள், இரு பெண்கள் ஒருவர்மீது ஒருவர் காதல் கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த வாழ்க்கையும் ஒன்று.

அமெரிக்கக் குடியேற்ற எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்டு இப்பொருளைப் பேசும் புனைகதைகளுள் முன்னோடியாக விளங்குவது 'பேஷியன்ஸும் சாராவும்' என்னும் நாவலாகும். இதனை இசபெல் மில்லர் என்னும் புனைபெயரில் எழுதியவர் அல்மா ரௌட்சாங் (1924–1996). இத்தகைய புனைகதையின் நம்பகத்தன்மை, காதலை எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறது என்பதைப் பொறுத்ததன்று. அக்காதல் நிலைபெறத் தேவைப்பட்ட நிலம், பணம், உழைப்பு, சட்டம் ஆகியவற்றை எவ்வளவு நேர்மையாகக் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்ததாகும். இக்கருத்தை அந்நாவலின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலுக்கு அடிப்படையான சான்று

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் மாவட்டத்தில், கிரீன்வில் என்னும் ஊரை அடுத்து, மேரி ஆன் வில்சன் என்னும் ஓவியர் வாழ்ந்தார். அவருடன் வாழ்ந்த பெண் செல்வி பிரண்டேஜ் என்று மட்டுமே அறியப்படுகிறார். வில்சன் முறையான ஓவியப் பயிற்சி பெறாதவர். பழச்சாறு, செங்கல் தூள், செடிகொடிகளின் சாயம் ஆகியவற்றைக் கொண்டு அவரே வண்ணங்களைச் செய்துகொண்டார் எனக் கூறப்படுகிறது. அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் ஏறத்தாழ இருபது மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. கடற்கன்னியைச் சித்திரிக்கும் ஓவியமும், ஊதாரி மகனைப் பற்றிய விவிலியக் கதையைச் சித்திரிக்கும் ஓவியத் தொடரும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இவ்விருவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து கிடைக்கின்றன. தம்மைக் கலை இரசிகர் என்று மட்டும் கூறிக்கொண்ட ஒருவர் 1850ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதமே அது. இருவரும் ஒருவர்மீது ஒருவர் ஆழ்ந்த காதற்பற்றுக் கொண்டிருந்ததாகவும், கிழக்கிலிருந்து வந்து சிறிதளவு நிலம் வாங்கி மரக்குடிசையில் வாழ்ந்ததாகவும் அக்கடிதம் தெரிவிக்கிறது. பிரண்டேஜ் நிலத்தை உழுதார். வில்சன் ஓவியம் வரைந்து விற்றார். பிரண்டேஜ் இறந்தபின் துயரம் தாளாத வில்சன் அவ்வூரைவிட்டு நீங்கினார் என்பதும் அக்கடிதம் தரும் செய்தியே. அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்றில்லை.

1940களில் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்ட பிறகே வில்சனின் ஓவியங்கள் கலை வரலாற்றில் இடம்பெற்றன. 1960களில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்த ரௌட்சாங், வில்சனின் ஓவியத்தையும் அவரது வாழ்க்கைபற்றிய சிறு குறிப்பையும் கண்டார். அச்சிறு குறிப்பே நாவலுக்கு வித்தாயிற்று.

நாவலை வெளியிட நூலாசிரியரே முதலில் பொருட்செலவு செய்ய நேர்ந்தது. 'நமக்கென ஓர் இடம்' என்று பொருள்படும் தலைப்பில் 1969ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,000 படிகளைத் தாமே அச்சிட்டு விற்றார். 1971இல் அமெரிக்க நூலகச் சங்கத்தைச் சார்ந்த குழுவொன்று, ஒருபாற் காதலரைப் பற்றிய நூல்களுக்கென நிறுவிய விருதை முதன்முதலாக இந்நாவலுக்கே வழங்கியது. 1972இல் மெக்ரோஹில் நிறுவனம் இன்றைய தலைப்பில் இதனை மறுபதிப்புச் செய்தது. 1998இல் இது இசைநாடகமாகவும் அரங்கேறியது.

காதலுக்கு முன் நிலம்

நாவலின் கதை 1816ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்குகிறது. பேஷியன்ஸ் வைட் ஓரளவு வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர், மணமாகாதவர், ஓவியம் வரைபவர். தமையனும் அவர் மனைவியும் வாழும் வீட்டிலேயே தந்தை விட்டுச்சென்ற பங்கைக் கொண்டு வாழ்கிறார். சாரா டௌலிங் ஏழை உழவரின் மகள். ஆண்மக்கள் இல்லாத தந்தை, வயல் வேலைக்காக அவரை ஆண்பிள்ளைபோல் வளர்க்கிறார். சாராவுக்குக் கோடரி பிடிக்கத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. மேற்கே சென்று தமக்கெனச் சொந்த நிலம் தேடிக்கொள்வதே அவருடைய கனவு. இருவரின் குரல்களும் மாறி மாறிக் கதையைச் சொல்லுமாறு நாவல் அமைக்கப்பட்டுள்ளது.

கதை நிகழும் காலத்தைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 1815ஆம் ஆண்டு சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, 1816இல் வடகிழக்கு அமெரிக்காவில் கோடைக்காலத்திலேயே உறைபனி விழுந்து பயிர்கள் அழிந்தன. நம் வட்டாரத்து எரிமலை ஒன்று உலகின் மறுபுறத்து உழவர்களை நிலம் பெயரச் செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று. எனவே, மேற்கே செல்ல வேண்டும் என்னும் சாராவின் வேட்கை தனிமனிதக் கனவு மட்டுமன்று. அக்காலத்துக் குடும்பங்கள் பலவற்றின் தேவையுமாகும்.

ஆனால் அக்குடும்பங்களுக்கு எளிதாக வாய்த்த ஒன்று இரு பெண்களுக்கு எளிதாக வாய்க்கவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்ட மரபின்படி மணமான பெண்ணின் சட்டநிலை கணவனுடையதில் அடங்கிவிடும். அவள் தன் பெயரில் சொத்து வைத்திருப்பதற்கும் ஒப்பந்தம் செய்வதற்கும் பெருந்தடைகள் இருந்தன. மணமான பெண்ணின் சொத்துரிமையை ஏற்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1848இல்தான் இயற்றியது. மணமாகாத பெண்ணுக்குச் சொத்து வாங்கும் உரிமை சட்டப்படி இருந்தது. எனினும் அதற்கான பணத்தை ஈட்டும் வழிகளோ மிகச் சிலவே. மணம் செய்துகொண்டால் உரிமை போகும். செய்துகொள்ளாவிட்டால் பிழைப்புக்கு வழியில்லை. இம்முரண்பாட்டினுள்தான் நாவலின் காதல் நிகழ்கிறது.

ஆகவே நாவலின் திருப்புமுனை காதலை வெளிப்படுத்தும் காட்சியன்று. இருவரின் உறவு வெளிப்பட்டபின், பேஷியன்ஸின் பங்குக்குரிய பணத்தைத் தமையன் கொடுத்து அவர்களை வழியனுப்பும் இடமே உண்மையான திருப்புமுனையாகும். அப்பணம் இல்லையெனில் பயணமும் இல்லை. கிரீன் மாவட்டத்துப் பண்ணையும் இல்லை. மனத்துணிவு சாராவிடமும் பொருள்வளம் பேஷியன்ஸிடமும் இருக்குமாறு ஆசிரியர் பகிர்ந்தளித்திருப்பது கருதத்தக்கது. வகுப்பு வேறுபாடு கதைக்கு அலங்காரமாக அன்றி இயக்குவிசையாக அமைந்துள்ளது.

ஆணுடையும் பயணமும்

முதன்முறை இருவரும் புறப்படத் திட்டமிட்டபோது பேஷியன்ஸ் அஞ்சிப் பின்வாங்குகிறார். சாரா தலைமுடியை வெட்டி, ஆணுடை அணிந்து, சாம் என்னும் பெயருடன் தனியே செல்கிறார். வழியில் வண்டியில் நூல் விற்றுச் செல்லும் மதபோதகர் ஒருவரிடம் எழுத்தறிவு பெறுகிறார். பையன் என்றெண்ணி அவர் சாராவின்பால் ஈர்க்கப்படும்போது அத்துணை நிலைக்காமற் போகிறது. சாரா வீடு திரும்புகிறார்.

இப்பகுதியை வேடமாற்றக் கதைகளின் வழக்கமான உத்தியாக மட்டும் காண்பது போதாது. தனியாகச் செல்லும் பெண்ணுக்கு அன்றைய சாலை பாதுகாப்பானதன்று என்னும் நடைமுறை உண்மை இதில் அடங்கியுள்ளது. பின்னர் இருவரும் பெண்களாகவே நீர்வழிப் பயணம் மேற்கொள்ளும்போது சாரா ஓர் ஆடவனின் தொல்லைக்கு உள்ளாவதும் இதனையே உறுதிப்படுத்துகிறது. ஆணுடை சாராவுக்குச் சாலையைத் தந்தது. ஆனால் பேஷியன்ஸுடன் வாழும் வாழ்க்கையைத் தரவில்லை. அவ்வாழ்க்கையைப் பெண்ணாகவே பெறவேண்டும் என்று நாவல் முடிவு செய்கிறது.

முடிவு என்னும் சிக்கல்

20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவில் வெளிவந்த மலிவுப் பதிப்பு நாவல்களில் இரு பெண்களின் காதல் பெரும்பாலும் மரணத்திலோ மனநோயிலோ ஆடவனை மணப்பதிலோ முடிந்தது. மகிழ்ச்சியான முடிவு தரும் நூல் ஒழுக்கக்கேட்டைப் போற்றுவதாகக் கருதப்பட்டுத் தடைக்குள்ளாகும் என்னும் அச்சம் பதிப்பாளரிடம் இருந்தது. பட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் புனைபெயரில் வெளியிட்ட 'உப்பின் விலை' என்னும் நாவல் இதற்கு விதிவிலக்காகும்.

இந்தப் பின்னணியில் ரௌட்சாங் எடுத்த முடிவை மதிப்பிடவேண்டும். அவருக்குக் கிடைத்த ஒரே சான்று ஒருத்தியின் மரணத்திலும் மற்றவளின் மறைவிலும் முடிகிறது. அவரோ தம் கதையைச் சொந்த வீட்டில் இருவரும் வாழ்வைத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்துகிறார். இது சான்றை மறைத்தல் ஆகுமா? ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரணம் எல்லா இல்லறங்களுக்கும் பொது. அது அக்காதலுக்குக் கிடைத்த தண்டனையன்று. முன்னைய நாவல்கள் மரணத்தைத் தண்டனையாக்கின. ரௌட்சாங் அம்மரணத்திற்கு முன்னிருந்த பல்லாண்டு உழைப்பின் தொடக்கத்தை எழுதினார்.

இம்முடிவே எல்லாருக்கும் உரியதென்று கொள்ளவியலாது. ஜிம் ஷெப்பர்ட் எழுதிய 'வரவிருக்கும் உலகம்' என்னும் சிறுகதை 1856இல் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் வாழும் இரு உழவர் மனைவியரைப் பற்றியது. மோனா ஃபாஸ்ட்வோல்ட் இயக்கத்தில் 2020இல் இது திரைப்படமாயிற்று. அபிகேல் என்பவளின் நாட்குறிப்பாக அமைந்த இக்கதையில் இருவருமே மணமானவர்கள். தம் பெயரில் நிலமோ பணமோ இல்லாதவர்கள். அவர்களின் காதல் துயரத்தில் முடிகிறது. பேஷியன்ஸுக்குக் கிடைத்த பங்கு அபிகேலுக்குக் கிடைக்கவில்லை. இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றின் முடிவுகளைப் பிரிப்பது காதலின் ஆழமன்று, கையிலுள்ள சொத்தே என்பது புலனாகும்.

பின்னர் வெளிப்பட்ட வரலாறு

ரௌட்சாங்கின் கற்பனை மிகையானதோ என்னும் ஐயத்திற்குப் பின்னாளைய வரலாற்றாய்வு விடையளித்துள்ளது. வெர்மான்ட் மாநிலத்தின் வேபிரிட்ஜ் என்னும் சிற்றூரில் சாரிட்டி பிரயன்ட் (1777–1851), சில்வியா டிரேக் (1784–1868) என்னும் இருவர் 1807 முதல் சாரிட்டியின் மறைவு வரை 44 ஆண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். தையற்றொழில் அவர்களுக்குச் சோறிட்டது. சாரிட்டியின் சகோதரர் மகனும் கவிஞருமான வில்லியம் கல்லன் பிரயன்ட், அவர்களது வாழ்வைத் திருமண வாழ்வுக்கு ஒப்பிட்டு 1843இல் எழுதினார். உறவினர் அவர்கள் இருவரையும் ஒரே கல்லறைக் கல்லின்கீழ் அடக்கம் செய்தனர். வரலாற்றாசிரியர் ரேச்சல் ஹோப் கிளீவ்ஸ் 2014இல் இவர்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

நாவல் வெளிவந்து 45 ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்நூல் வந்தது. இங்கும் இருவரின் வாழ்வைத் தாங்கியது தொழிலே. ஊரார்க்குத் தேவையான உடையைத் தைத்ததாலும் திருச்சபைப் பணிகளில் பங்கேற்றதாலும் அவர்கள் ஊரில் மதிப்புப் பெற்றனர். ரௌட்சாங் ஆளை அறியாமலேயே வாழ்நிலையைச் சரியாகக் கணித்திருந்தார் எனலாம்.

எல்லைப்புறம் யாருடையது?

இவ்வகைப் புனைகதைக்கு ஒரு குறையும் உண்டு. எல்லைப்புறம் என்பது யாருமற்ற வெற்றிடம், அங்குச் சென்றால் விடுதலை கிட்டும் என்னும் எண்ணம் அமெரிக்க இலக்கியத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. கிரீன் மாவட்டம் அமைந்துள்ள ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கோ மோகிக்கன் மக்களின் தாயகம். அவர்கள் நிலம் இழந்து படிப்படியாக வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் இன்று விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்கின்றனர். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்களும் 160 ஏக்கர் வரை நிலம் கோர வழிவகுத்தது. பெண்ணுரிமை வரலாற்றில் அது ஒரு படி. ஆனால் அந்நிலமும் பழங்குடியினரிடமிருந்து பெறப்பட்டதே.

'பேஷியன்ஸும் சாராவும்' நாவலின் அக்கறை இத்திசையில் செல்லவில்லை. இதனைச் சுட்டுவது நாவலின் பெருமையைக் குறைப்பதற்கன்று. நிலமே காதலுக்கு அடிப்படை என்று காட்டிய நாவலை, அந்நிலம் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் அதன் வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்வதாகும்.

முடிவுரை

பெயர் முழுமையாகப் பதிவாகாத ஒரு பெண்ணையும், ஏறத்தாழ இருபது ஓவியங்களை விட்டுச்சென்ற மற்றொரு பெண்ணையும் கொண்டு ரௌட்சாங் ஓர் இல்லறத்தைப் புனைந்தார். அவர்கள் என்ன பேசினர் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் என்ன விலைக்கு அவர்களால் சேர்ந்து வாழமுடியும், எச்சட்டம் தடுக்கும், எவ்வேலை சோறிடும் என்பனவற்றை வரலாற்றின் துணைகொண்டு கணிக்க இயலும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து எழுதியமையே நாவலின் வெற்றியாகும்.

வரலாற்றுப் புனைகதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கதைமாந்தர் உண்மையில் வாழ்ந்தவரா என்னும் வினாவுடன் நின்றுவிடாமல், அவர் அக்காலத்தில் அவ்வாறு வாழ்ந்திருக்க என்னென்ன தேவைப்பட்டிருக்கும் என்னும் வினாவையும் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும். முதல் வினாவுக்கு ஏடு விடை தரலாம், தராமலும் போகலாம். இரண்டாம் வினாவுக்கு விடைதேடும் மாணவர் நிலத்தின் விலையையும் சட்டத்தின் வரம்பையும் உழைப்பின் கூலியையும் ஆராயவேண்டியிருக்கும். ஏடு மறந்தவர்களும் அத்தேடலில்தான் வரலாற்றுக்குள் வருகின்றனர்.