பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கம்

ப்ளஸ் டூ ரேங்க் பட்டியலை 2017-ல் தமிழக அரசு நிறுத்தியது. அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். மார்க்குக்காகவே விடுதிப் பள்ளிகளை வளர்த்த நாமக்கல்லும் ராசிபுரமும் அதே கொங்கு மண்தான். பட்டியல் போனது, உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் “எத்தன மார்க்கு கண்ணு?” என்று கேட்பதும் போகவில்லை, அந்த அழுத்தமும் போகவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர். கோவையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால், “நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னங்க ஆவறது?” என்ற பயத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு கல்வியாண்டே ஓடிவிடுகிறது. அதுவரை பிள்ளை தனக்குத் தானே உதவிக்கொள்ள வழியுண்டா?

டெல்லி அரசுப் பள்ளிகள் ஆறில் ‘சங்கத்’ என்ற தொண்டு அமைப்பு இதைச் சோதித்துப் பார்த்தது. 251 மாணவர்கள். எல்லோருக்கும் படக்கதை வடிவில் கையேடுகள். அதோடு பாதிப்பேரிடம் நான்கைந்து முறை ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அந்த ஆலோசகர்களும் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள்தான். 2020-ல் முடிவு வெளியானது. ஆறாவது வாரத்தில் மனநல அறிகுறிகளில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால், பிள்ளைகள் தாங்களே ‘இதுதான் என் பிரச்சினை’ என்று சொன்ன பாரம், ஆள் உடனிருந்தவர்களுக்கே கூடுதலாகக் குறைந்திருந்தது. ‘சுயஉதவி’ என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தக் கையேடுகள் சொல்லும் முறை எளிது. ப்ளஸ் ஒன் பையன் ஒருவன் “எனக்குப் படிப்பே வராது” என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே விட்டால் தீர்க்க முடியாத பிரச்சினை அது. நோட்டில் திருத்தி எழுதச் சொன்னால், ‘வெள்ளிக்கிழமை ஃபிசிக்ஸ் டெஸ்ட்டில் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது’ என்று ஆகிறது. கீழே, தோன்றுகிற வழியெல்லாம்: சாரிடம் கேட்பது, நண்பனோடு போட்டுப் பார்ப்பது, டெஸ்ட்டுக்கு முந்தின வியாழன் ராத்திரி விடுதிக்கு போன் செய்ய வேண்டாமென்று அப்பாவிடம் சொல்வது. ஒன்றைத் தேர்ந்து செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். சரிவராவிட்டால் அடுத்தது. (அப்பா சங்கதியைத்தான் பிள்ளைகள் கடைசியில் எழுதுவார்கள்.)

பயத்துக்கு வேறு வழி. “வயிறு வலிக்குதா, இன்னைக்கு லீவு போட்டுக்க சாமி” என்பது பாசம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பயம் அதில்தான் கொழுக்கிறது. முதல் நாள் கேட் வரை, பிறகு ஒரு பீரியட், பிறகு மதியம் வரை என்று படிப்படியாகப் போவதுதான் மருந்து.

இது போதாத இடங்கள் உண்டு. சாவைப் பற்றிப் பேசுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாதது, காதில் குரல் கேட்பது இதெல்லாம் நோட்டுக்குள் அடங்காது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டிலோ வகுப்பிலோ யாரோ சீண்டுகிறார்கள் என்றால், பிள்ளையை மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்வது அநியாயம். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆனால், விடுதிப் பிள்ளைகள் கையில் செல்போன் கிடையாதே! அந்த எண்ணைச் சுவரில் எழுதிவைக்கும் பள்ளிகள், வார்டன் எதிரில் நிற்காமல் பேச ஒரு போனையும் வைக்க வேண்டும்.