எந்த விமானத்தின் மைல்கள்?

விமானத்தில் அடிக்கடி பறப்பவருக்கு, அவர் பறந்த தூரத்தையோ செலவழித்த பணத்தையோ கணக்கு வைத்துச் சலுகை தருவதே மைலேஜ் திட்டம். பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்கள் இப்படி ஒன்றை நடத்துகின்றன. சேரக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டு வெவ்வேறு கணக்குகள் ஓடுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, செலவழிக்கக்கூடிய மைல்கள். சேர்த்து வைத்துப் பின்னால் டிக்கெட்டோ உயர் வகுப்பு இருக்கையோ வாங்கலாம். மற்றொன்று, அந்தஸ்துக்கான மைல்கள். ஓராண்டுக்குள் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் சில்வர், கோல்டு என்று தகுதி உயரும், ஆண்டு முடிந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த இரண்டில் தனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கிய 'ஏஅட்வான்டேஜ்' இந்த வகையில் முதல் பெரிய திட்டம். சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. எமிரேட்ஸின் 'ஸ்கைவார்ட்ஸ்' 2000-இல் வந்தது. இந்தியாவில் அதிக விமானங்களை இயக்கும் இண்டிகோ, 2006-இல் பறக்கத் தொடங்கியும் 2024 வரை இப்படி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை; 'புளூசிப்' அப்போதுதான் வந்தது.

சென்னைப் புறநகரான சிட்லபாக்கம் போன்ற ஓர் ஊரில் மைல் சேர்ப்பது வெறும் பணக்காரர் விஷயம் இல்லை. ஏரியும் ரயில் பாதையுமாக, குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. திரிசூலம் விமான நிலையம் காரில் கால் மணி, அரை மணி தூரம். 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகமும் பக்கத்திலேயே. அங்கும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வேலை பார்ப்பவர்கள் கம்பெனி செலவில் வெளிநாடு போகிறார்கள். ஓய்வு பெற்ற பெற்றோர், மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவும் பேரனை வளர்க்கவும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு வருகிறார்கள். இந்த மூன்று வகையினருக்கும் பொருந்தும் ஒரே திட்டம் என்று எதுவும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாதை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். துபாய், அபுதாபி, தோஹா, லண்டன், ஃபிராங்க்பர்ட், சிங்கப்பூர், ஹாங்காங், இல்லாவிட்டால் டெல்லி அல்லது மும்பை. எந்த ஊரில் மாறுகிறோம் என்பதே எந்த நிறுவனம் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கு வளைகுடா வழியும் ஐரோப்பா வழியும் இயல்பாக அமையும். சான் பிரான்சிஸ்கோ போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களுக்குச் சிங்கப்பூர் வழியையும் கணக்கில் சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்குச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் கைகொடுக்கும்.

அடுத்தது கூட்டணி. ஒரு நிறுவனத்தில் பறந்துவிட்டு அந்த மைல்களை அதன் கூட்டாளி நிறுவனத்தின் கணக்கில் ஏற்றலாம். ஒரு பயணத்தின் மைல்கள் ஒரே கணக்கில்தான் ஏறும். 1997-இல் உருவான ஸ்டார் அலையன்ஸில் சென்னைக்கு வரும் லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் ஆகியவை இருக்கின்றன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. 1999-இல் தொடங்கிய ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே பசிஃபிக், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஆகியவை இருக்கின்றன. எமிரேட்ஸும் எத்திஹாதும் எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. ஏர் பிரான்ஸும் டெல்டாவும் இருக்கும் மூன்றாவது கூட்டணியான ஸ்கைடீம், சென்னைப் பயணிக்கு அவ்வளவாக உதவாது.

கூட்டணி ஏன் முக்கியம் என்றால், டிக்கெட் விலை பார்த்து நிறுவனத்தை மாற்றுவதுதான் நடுத்தரக் குடும்பத்தின் வழக்கம். இந்த ஆண்டு லுஃப்தான்சா மலிவு, அடுத்த ஆண்டு ஏர் இந்தியா மலிவு என்றால் இரண்டையும் ஒரே ஸ்டார் அலையன்ஸ் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு நிறுவனமாக ஐந்து கணக்கில் சிதறிய மைல்கள் எதற்கும் போதாமல் காலாவதியாகிவிடும்.

அந்தஸ்து கிடைத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பொருளாகவே பார்க்கலாம். ஸ்டார் அலையன்ஸ் கோல்டு தகுதி உள்ளவருக்கு எகானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச் உண்டு, உடன் ஒருவரை அழைத்துப் போகலாம். செக்-இன் வரிசையில் முன்னுரிமை, கூடுதலாக 20 கிலோ அல்லது ஒரு பெட்டி லக்கேஜ் ஆகியவையும் உண்டு. ஒன்வேர்ல்டில் இதற்கு இணையானது சஃபையர். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பிறந்த குழந்தைக்கான சாமானும் கட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு பெட்டி பெரிய விஷயம். சென்னையிலிருந்து நீண்ட தூர விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் சாய்ந்து உட்கார ஓர் இடம் கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. சக்கர நாற்காலி உதவிக்கு மட்டும் எந்த அட்டையும் தேவையில்லை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தகுதி எட்டக்கூடியதா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்' திட்டத்தைக் கொண்டு கணக்குப் போடலாம். அதில் எலீட் சில்வருக்கு 12 மாதத்தில் 25,000 மைல், எலீட் கோல்டுக்கு 50,000 மைல் வேண்டும். சென்னை–சிங்கப்பூர் சுமார் 1,800 மைல், சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ சுமார் 8,450 மைல். போய் வர ஏறக்குறைய 20,500 மைல். முழு மைலும் தரும் கட்டணத்தில் மூன்று முறை போய்வந்தால் கோல்டு. மலிவு டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் என்றால் ஐந்து முறை போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர் சில்வரைக்கூடத் தொட மாட்டார்கள். கம்பெனி அனுப்பி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறக்கும் மென்பொருள் பொறியாளர் எளிதில் தொடுவார். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது கம்பெனி என்றாலும், மைல்கள் பொதுவாகப் பறந்தவர் கணக்குக்கே வருகின்றன.

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு ஒரே அளவு மைல் கிடைக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டிக்கெட்டில் அச்சாகும் கட்டண வகுப்பு எழுத்துதான் மைலைத் தீர்மானிக்கிறது. கூட்டாளி நிறுவனத்தில் பறந்தால், மிக மலிவான வகுப்புகளுக்கு மைலே கிடைக்காமலும் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த எழுத்தைப் பார்த்து, மைல் ஏற வேண்டிய திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. தூரத்துக்குப் பதில் செலவைக் கணக்கிடும் திட்டங்களும் பெருகிவிட்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அப்படி மாறியது. அதன் சில்வர் தகுதிக்கு 7,500 புள்ளி வேண்டும். ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு புள்ளி என்பது அடிப்படைக் கணக்கு. வரி நீங்கலாக எட்டு லட்ச ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டால், எகானமியில் போகும் சென்னைக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. அதே விமானத்தில் பறந்து கத்தாரின் 'பிரிவிலேஜ் கிளப்' கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற வழி இருப்பதால் கதவு முழுக்க மூடிவிடவில்லை.

பெற்றோரைப் போல எப்போதாவது பறப்பவர்களுக்கு அந்தஸ்தைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: மைல்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும், குடும்பமாகச் சேர்க்க முடியுமா. ஸ்கைவார்ட்ஸ் மைல்கள் சேர்ந்ததிலிருந்து சுமார் மூன்று ஆண்டு இருந்து, உறுப்பினரின் பிறந்த மாத முடிவில் காலாவதியாகும். கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கும் மூன்று ஆண்டுதான். இடையில் பறந்தாலும் பழைய மைல்களின் ஆயுள் கூடாது. கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பயன்படுத்தும் 'ஏவியோஸ்' வேறு மாதிரி: 36 மாதத்துக்குள் ஒருமுறை சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்தக் கணக்கும் மறுபடி உயிர்பெறும். இந்த இரு நிறுவனங்களுக்கும் இடையில் ஏவியோஸை ஒன்றுக்கு ஒன்று என மாற்றவும் முடியும். யுனைடெட்டின் மைல்களுக்குக் காலாவதியே கிடையாது. லுஃப்தான்சாவிலும் ஏர் இந்தியாவிலும் பறந்து அதில் சேர்க்கலாம் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு அது பொருந்தும்.

குடும்பக் கணக்கு எமிரேட்ஸிலும் கத்தாரிலும் உண்டு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள் என எல்லோருடைய மைல்களும் ஒரே உண்டியலில் விழும். தனித்தனியே ஒன்றுக்கும் போதாத மைல்கள், சேர்ந்தால் ஒரு டிக்கெட் ஆகின்றன. கிரிஸ்ஃப்ளையரில் அப்படிச் சேர்க்க முடியாது. உறுப்பினர் ஐந்து பேரை நியமித்துத் தன் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரில் ஓர் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கிறது, சிலருக்கு அந்தக் கட்டமே காலி. காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகிறது. ஒரு நிறுவனம் 'முருகன் முருகன்' என்று டிக்கெட் தரும், இன்னொன்று 'எஃப்.என்.யூ. முருகன்' என்று தரும். மைலேஜ் கணக்கையோ அவர் 'கே. முருகன்' என்று திறந்திருப்பார். பெயர் பொருந்தாததால் மைல் ஏறாது. கூட்டாளி நிறுவனத்தில் பறந்திருந்தால் சரிசெய்வது இன்னும் கடினம். கணக்கைத் திறக்கும்போதே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் இருப்பது போலவே எழுதிவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது.

மைல் என்பது வங்கியில் போட்ட பணம் அல்ல. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் 'கிங் கிளப்' மைல்களும் அதோடு போயின. சென்னை–பாரிஸ் விமானத்தை 2017-இல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், 2019 ஏப்ரல் 17-இல் நின்றது. அதன் மைலேஜ் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் 'இன்டர்மைல்ஸ்' என்ற பெயரில் தப்பியது. மைல்கள் மிஞ்சின, அவற்றைக் கொண்டு ஏறுவதற்கு ஜெட் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது உறுப்பினர்களின் புள்ளிகள் 'மகாராஜா கிளப்'புக்கு மாற்றப்பட்டன. மூடாத நிறுவனமும் ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை மைல் என்ற அளவை நினைத்தபோது உயர்த்தலாம். ஆகவே பத்து ஆண்டு சேர்த்து உலகம் சுற்றலாம் என்று காத்திருப்பது தவறான திட்டம். போதுமான அளவு சேர்ந்ததும் செலவழிப்பதே சரி.

செலவழிக்கும்போது மைலின் மதிப்பைக் கணக்கிடுவது எளிது. ஒரு டிக்கெட்டின் விலை 60,000 ரூபாய் என்றும், மைலில் எடுத்தால் 45,000 மைலும் 15,000 ரூபாய் வரியும் கட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 45,000 ரூபாய்; ஒரு மைலுக்கு ஒரு ரூபாய். மைல் டிக்கெட் 'இலவசம்' என்று சொல்லப்பட்டாலும் வரியும், சில நிறுவனங்கள் போடும் கூடுதல் கட்டணமும் கையிலிருந்துதான் போகும். இதே கணக்கு டிக்கெட் வாங்கும்போதும் உதவும். 4,000 மைல் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக 8,000 ரூபாய் அதிகம் கொடுத்து ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நஷ்டம்.

கிரெடிட் கார்டு புள்ளிகளை மைல்களாக மாற்றும் வசதியை இந்திய வங்கிகள் பல தருகின்றன. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு மட்டுமே அது லாபம். பாக்கி வைத்தால் ஏறும் வட்டி, ஆண்டுக்கு 36 சதவீதத்தையும் தாண்டி, எந்த மைலையும் விழுங்கிவிடும்.

இவற்றை வைத்துப் பார்த்தால், கம்பெனி செலவில் அடிக்கடி பறப்பவர் தன் நிறுவனம் வழக்கமாக டிக்கெட் எடுக்கும் கூட்டணியில் ஒரே கணக்கு வைத்து அந்தஸ்தைப் பிடிப்பது நல்லது. துபாய் வழியாகவே போய்வரும் குடும்பத்துக்கு ஸ்கைவார்ட்ஸின் குடும்பக் கணக்கு போதும். விலை பார்த்து தோஹாவும் லண்டனுமாக மாறி மாறிப் போகும் பெற்றோருக்கு ஏவியோஸே ஏற்றது. எதில் சேர்ந்தாலும், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சேர்ந்து, உறுப்பினர் எண்ணை அதில் பதியச் சொல்லுங்கள். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விடுபட்ட மைலைக் கேட்க அதுதான் சான்று, கேட்பதற்கும் குறிப்பிட்ட மாதங்கள்தான் அவகாசம்.