கத்தரிக்கோல் சொன்ன கதை

‘ஷோலே’ படத்தைப் பார்க்காத மும்பைத் தமிழர் மிகக் குறைவு. 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி வெளியான அப்படம், பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஊரிலிருந்து வந்து இறங்கிய, இந்தி அறியாத நம்மவர்களுக்கும் கதை புரிந்தது. அதற்கு முக்கியமான காரணம், படத்தை வெட்டி ஒட்டிய விதம்.

சினிமாவில் இதற்கு எடிட்டிங், அதாவது படத்தொகுப்பு என்று பெயர். படம் பிடிப்பவர்கள் ஒரே காட்சியைப் பல கோணங்களில், பல தடவை எடுத்துத் தருவார்கள். அவற்றில் எது வேண்டும், எந்த இடத்தில் நிறுத்துவது, அடுத்து எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் எடிட்டர். அக்காலத்தில் ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி ஃபிலிம். மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஷோலே’ திரைக்கு வந்தபோது சுமார் 18,000 அடி. எடுத்ததோ மூன்று லட்சம் அடி என்பார்கள்!

கப்பர் சிங், தாக்கூரின் குடும்பத்தைச் சுடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். குண்டடி பட்டவர்கள் விழும்போது படம் அப்படியே உறைந்து நிற்கிறது. கடைசியாக ஒரு சிறுவன் மீது துப்பாக்கி திரும்புகிறது. வெடிச்சத்தம் கேட்கும் அதே கணத்தில் காட்சி மாறி ரயில் வருகிறது. தாக்கூர் ஊருக்குத் திரும்புகிறார். சிறுவன் விழுவதை நாம் பார்க்கவே இல்லை. ஆனாலும் நெஞ்சு பதறுகிறது.

இன்னோரிடத்தில், கிராமத்துப் பெரியவர் இமாமின் மகன் கொள்ளையரிடம் சிக்கிக் கொள்கிறான். கப்பர் தன் கைமேல் ஊரும் எறும்பை நசுக்குகிறான். அடுத்து, பையனின் உடலைச் சுமந்து குதிரை ஊருக்கு வருகிறது. கொலையைக் காட்டவில்லை, எறும்பே சொல்லிவிட்டது.

தாக்கூரின் கைகளை வெட்ட வாள்கள் ஓங்கப்படுகின்றன. உடனே பழைய கதை முடிந்து நிகழ்காலம். தோளிலிருந்து சால்வை நழுவ, வெறும் சட்டைக் கைகள் தெரிகின்றன. படம் தொடங்கியது முதல் அவர் ஏன் சால்வையைப் போர்த்தியிருந்தார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

மூன்று இடங்களிலும் உத்தி ஒன்றே. கொடுமையின் வாசல்வரை நம்மை அழைத்துச் சென்று, அங்கே வெட்டி விடுவது. மிச்சத்தை நம் மனமே பார்த்துக் கொள்கிறது.

இந்த வெட்டுகளைச் செய்த எடிட்டர் எம்.எஸ்.ஷிண்டே. ‘சீதா அவுர் கீதா’, ‘ஷான்’, ‘ஷக்தி’ படங்களும் அவர் கைவண்ணமே. ‘ஷோலே’வுக்குக் கிடைத்த ஒரே பிலிம்ஃபேர் விருது படத்தொகுப்புக்குத்தான். கப்பராக நடித்த அம்ஜத் கானை நாடே அறியும். ஷிண்டேயைத் தெருவில் கண்டிருந்தால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்?

அந்தத் தெரு வேறெங்கும் இல்லை, நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வாழும் தாராவிதான். தம் கடைசிக் காலத்தை அங்கே ஒற்றை அறை வீட்டில் கழித்து, 2012-ம் ஆண்டு அவர் காலமானார். தண்ணீர்க் குழாயடியிலோ பஸ் நிறுத்தத்திலோ நம்மவர் யாராவது அவர் அருகில் நின்றிருக்கக்கூடும்.

அடுத்த முறை ‘ஷோலே’ பார்க்கும்போது, ஆரம்பத்தில் ஓடும் பெயர்களில் எடிட்டர் பெயரையும் ஒரு தடவை படித்து விடுங்கள்.