அப்பா சொன்ன ஒரு வாக்கியம்



இந்த இதழில் ஒரு புதிரோடு தொடங்குவோம்.

மூன்று பிள்ளைகள் தோட்டத்தில் விளையாடிவிட்டு வீட்டுக்குள் வருகிறார்கள். மூவர் நெற்றியிலும் சேறு. மற்ற இருவரின் நெற்றியை ஒவ்வொருவராலும் பார்க்க முடியும். தன் நெற்றி தனக்குத் தெரியாது. பேசிக்கொள்ளவும் கூடாது. “தன் நெற்றியில் சேறு இருப்பது உறுதியாகத் தெரிந்தவர் கையைத் தூக்குங்கள்” என்கிறார் அப்பா. ஒருவரும் தூக்கவில்லை. நூறு முறை கேட்டாலும் அப்படித்தான்.

இப்போது அப்பா ஒரு வாக்கியம் சொல்கிறார்: “உங்களில் ஒருவர் நெற்றியிலாவது சேறு இருக்கிறது.” பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். முதல் முறை ஒரு கையும் எழவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை மூன்று கைகளும் ஒன்றாக எழுகின்றன!

அப்பா சொன்னது மூவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதானே? ஒவ்வொருவரும் இரண்டு சேற்று நெற்றிகளைப் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள்? பின் எப்படி இது நடந்தது?

படிப்படியாகப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மட்டும் சேறு என்றால், அது மற்ற நெற்றிகள் சுத்தமாக இருப்பதைக் கண்டு உடனே கை தூக்கிவிடும். இருவருக்குச் சேறு என்றால், “நான் சுத்தமாக இருந்திருந்தால் அவன் முதல் முறையே தூக்கியிருப்பான்; தூக்கவில்லை, ஆகவே எனக்கும் இருக்கிறது” என்று இருவரும் இரண்டாம் முறை தூக்குவார்கள். மூவருக்கும் சேறு என்றால், அதே கணக்கு மூன்றாம் முறை முடியும்.

அப்பா பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. மூத்தவள் இப்படி நினைக்கலாம்: “என் நெற்றி சுத்தமாக இருந்தால், தம்பி கடைக்குட்டியின் சேற்றை மட்டுமே பார்ப்பான். தன் நெற்றியும் சுத்தம் என்று அவன் எண்ணினால், கடைக்குட்டி சேற்றையே பார்க்கவில்லை என்று அவனுக்குத் தோன்றும்.” அந்தச் சிறு சந்தேகத்தை அப்பாவின் வாக்கியம் அடைத்துவிட்டது. அது எல்லார் காதிலும், எல்லாரும் பார்க்க விழுந்தது.

இந்தக் கணக்கு நடக்க இன்னொன்றும் வேண்டும். மற்ற இருவரும் கவனமாக யோசிக்கிறார்கள், நேர்மையாகக் கை தூக்குவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்ப வேண்டும். தம்பி பகற்கனவு காண்கிறான் என்று அக்கா நினைத்தால் அவன் மௌனத்திலிருந்து அவளால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆட்டக் கோட்பாட்டில் இதற்குக் ‘காமன் நாலெட்ஜ்’ என்று பெயர். ‘பொது அறிவு’ என்று மொழிபெயர்த்தால் வினாடி வினாதான் நம் நினைவுக்கு வரும்! எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், அது உனக்கும் தெரியும் என்று முடிவில்லாமல் போகும் அறிவு இது. டேவிட் லூயிஸ் என்ற தத்துவ அறிஞர் 1969இல் இதை விளக்கினார். 1976இல் ராபர்ட் ஆமன் கணித வடிவம் தந்தார். ஆமன் 2005இல் பொருளாதார நோபல் பரிசைத் தாமஸ் ஷெல்லிங்குடன் பகிர்ந்துகொண்டார்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றன. ஒருவர் கடிதம் மற்றவர் கைக்குச் சேரப் பல மணி நேரம் ஆனது. “அவர் என்ன நினைக்கிறார்? நாம் என்ன நினைக்கிறோம் என்று அவர் நினைக்கிறார்?” என்று இரு பக்கமும் ஊகித்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே, 1963 ஜூன் 20 அன்று, வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைக்க ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சினிமாவில் வரும் சிவப்புத் தொலைபேசி அல்ல அது. எழுத்தாகச் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர்.

நம் சபையில் திருமண ஓலை வாசிப்பதும் இந்த வகைதான். தேநீர் மேசையில் செய்தி முன்பே பரவியிருக்கும். ஆனாலும் எல்லார் முன்னும் வாசித்த பிறகு, “எனக்குத் தெரியாதே” என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அண்ணனுக்குத் தான் படிக்கும் படிப்பு பிடிக்கவில்லை. அம்மா அதை அவன் முகத்தில் பார்த்துவிட்டார். அப்பா அவன் மதிப்பெண்ணில் பார்த்துவிட்டார். “அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார்” என்று அண்ணன் நடிக்கிறான். “நான் கேட்டால் பிள்ளை வருந்துவான்” என்று அப்பா நடிக்கிறார். வேறொரு நாட்டுக்கு வந்து இத்தனை பாடுபட்ட பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்ற பாரமும் சேர்கிறது. எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு கையும் எழவில்லை.

எல்லாவற்றையும் எல்லார் முன்னும் போட்டு உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சையில் தோற்ற மாமா மகனைப் பற்றி விருந்தில் வாய் திறக்காமல் இருப்பது அன்புதான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆனால் மௌனம் ஒருவரைக் காக்கிறதா, எல்லாரையும் கட்டிப்போடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் தேவைப்படுவது நீண்ட விளக்கம் அல்ல. “அப்பா, எனக்கு இந்தப் படிப்பு ஓடவில்லை. உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்” என்ற அளவு போதும். அவன் சொல்லத் தயங்கினால், அப்பாவே தொடங்கலாம். வாசிக்கும் பெற்றோரே, புதிரில் முதலில் பேசியவர் அப்பாதான்.